சேற்றிலா, தாள்வயலிலா: பெருவாத்து வேட்டையில் ஒரு பழைய வழக்கு

பிப்ரவரி 1ஆம் தேதி, விடிவதற்குச் சற்று முன். இங்கிலாந்தின் நார்ஃபோக் கடற்கரையில், இரவெல்லாம் சேற்றுத்திட்டில் அடைந்திருந்த ஒரு பெருவாத்து எழுந்து நிலத்தை நோக்கிப் பறக்கிறது. அமாவாசை, பௌர்ணமி ஓதங்கள் (கடல் ஏற்றங்கள்) ஏறித் தொடும் கோட்டுக்குக் கடல்பக்கமாக அது இருக்கும்வரை அதைச் சுடலாம். கோட்டைத் தாண்டி நூறு கஜம் உள்ளே வந்துவிட்டால், அதே பறவையை அதே மனிதர் சுடுவது குற்றம். உள்நாட்டில் வேட்டைப் பருவம் செப்டம்பர் 1இல் தொடங்கி ஜனவரி 31உடன் முடிந்துவிடுகிறது. ஓதக் கோட்டுக்குக் கீழே பிப்ரவரி 20 வரை நீள்கிறது. பிரிட்டனின் 1981ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டம் இப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறது.

வாத்துக்கு இந்தக் கோடு தெரியாது. ஆனால் வேட்டைக்காரர்களுக்கு அது வெறும் சட்டக் கோடும் அல்ல. அதன் இருபுறமும் இரண்டு குலங்கள் நிற்கின்றன என்றே சொல்லலாம். கரையோரச் சேற்றில் சுடுபவர், அறுவடை முடிந்து அடித்தாள் மட்டும் நிற்கும் தாள்வயலில் சுடுபவரைக் கொஞ்சம் இளக்காரமாகப் பார்ப்பார். வயலில் சுடுபவர், சேற்றுக்காரரின் பெருமிதத்தைக் கேட்டுச் சிரித்துக்கொள்வார். எது நியாயமான வேட்டை, எது தாங்கக்கூடிய வேட்டை என்ற இந்த வழக்கு பல தலைமுறைகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. வேட்டையே கூடாது என்பவர்களுக்கு இது வீண் வழக்காகத் தெரியும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. துப்பாக்கி ஏந்தியவனுக்கு எல்லை வகுப்பது யார் என்ற கேள்வி இதற்குள் ஒளிந்திருக்கிறது.

முதலில் ஒரு சொல் சிக்கல். ஆங்கிலத்தில் டக் வேறு, கூஸ் வேறு. நமக்கு இரண்டும் வாத்துதான். கூந்தன்குளத்துக்கு இமயம் தாண்டி வரும் வரித்தலை வாத்து, ஆங்கிலக் கணக்கில் கூஸ். இங்கே அந்த வகையைப் பெருவாத்து என்று சொல்லிக்கொள்கிறேன். பிரிட்டனில் வேட்டைக்கு முக்கியமானவை இரண்டு. ஒன்று ஐஸ்லாந்திலும் கிரீன்லாந்திலும் குஞ்சு பொரித்துவிட்டு செப்டம்பர் நடுவில் வந்திறங்கும் சிவப்புக்கால் பெருவாத்து. மற்றது கிரேலாக் எனப்படும் சாம்பல்நிறப் பெருவாத்து. கனடா வாத்தையும் சுடுகிறார்கள், அதற்காக யாரும் கண்ணீர் விடுவதில்லை. பார்னக்கிள், பிரென்ட் வகைகளைப் பொதுவாகத் தொடக் கூடாது.

இந்தப் பறவைகளின் நாள் இரண்டு இடங்களுக்கு நடுவே ஊசலாடுகிறது. இரவில் எதிரி அண்டாத திறந்த சேற்றுத்திட்டிலோ ஏரியிலோ அடைகின்றன. விடிந்ததும் கூட்டங்கூட்டமாக எழுந்து பார்லித் தாள், உருளைக்கிழங்கு வயல், சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கு வயல், புல்வெளி என்று மேய்ச்சலுக்குப் போகின்றன. மாலையில் திரும்புகின்றன. நிலவு காய்ந்தால் இரவிலும் மேயப் போவதுண்டு. கரையோர வேட்டைக்காரர் இந்தப் போக்குவரத்தின் குறுக்கே, உவர்ச்சதுப்பின் ஓடைப் பள்ளத்தில் பதுங்கிக் காத்திருக்கிறார். பறவைகள் எந்தப் பாதையில் வரும், எவ்வளவு உயரத்தில் வரும் என்பது காற்றின் கையில். அமைதியான காலையில் அவை எட்டாத உயரத்தில் போய்விடும். புயல் அடித்தால்தான் தாழும். ஓதம் ஏறத் தொடங்கினால் ஆள் வெளியேற வேண்டும், தவறினால் உயிர் போகும். ஒரு பருவம் முழுக்கப் போய்விட்டு விரல்விட்டு எண்ணும் பறவைகளோடு திரும்புவது அங்கே அவமானமல்ல.

வயல்காரர் குறுக்கே நிற்பதில்லை. பறவை போய்ச் சேரும் இடத்தில் நிற்கிறார். முந்தின நாள் எந்தத் தாள்வயலில் கூட்டம் இறங்கியது என்று பார்த்து வைத்து, இருட்டிலேயே மறைவிடம் கட்டி, முன்னால் போலி வாத்துகளைப் பரப்பிவிட்டு, ஊதுகுழலால் அழைக்கிறார். பழக்கிய விலங்கையோ பறவையையோ காட்டி இனத்தை வரவழைப்பதற்கு நம் பழைய வேட்டுவர்களிடம் ஒரு சொல் இருந்தது: பார்வை. சங்கப் பாடல்களில் பார்வை வேட்டுவன் வருகிறான். உத்தி உலகெங்கும் ஒன்றுதான்: பசியையும் இனப்பாசத்தையும் தூண்டிலாக்குவது. அது பலித்துவிட்டால் இருபது, முப்பது மீட்டரில், இறங்குவதற்குக் காலை நீட்டியபடி பறவைகள் வருகின்றன. நல்ல காலையில் சில துப்பாக்கிகள் சேர்ந்தால் ஐம்பது பறவைகள் விழுவதும் நடக்கக்கூடியதே.

இங்கேதான் கரையோரக்காரரின் குற்றச்சாட்டு தொடங்குகிறது. பறவைக்குத் தப்பும் வாய்ப்பு வேண்டும், அது இல்லாத வேட்டை கொலை என்கிறார் அவர். சேற்றில் ஓதமும் இருட்டும் காற்றும் பறவையின் பக்கம் நின்று வாதாடுகின்றன, வயலில் அதன் பக்கம் நிற்க யாருமில்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வாதத்தை உற்றுப் பார்த்தால், அது வாத்தைப் பற்றியது அல்ல, வேட்டைக்காரரைப் பற்றியது. எவ்வளவு குளிரில் நடுங்கினேன், எவ்வளவு கற்றேன், எத்தனை நாள் வெறுங்கையோடு வந்தேன் என்பதெல்லாம் அவருடைய தகுதிக் கணக்கு. சுடப்படும் பறவையின் பக்கத்திலிருந்து கேட்டால் கேள்வி வேறாகிவிடும்: உடனே செத்தேனா, இல்லையா?

அந்தக் கேள்விக்குச் சேறு நல்ல பதில் சொல்வதில்லை. அரையிருட்டில், உயரமாக, வேகமாகப் போகும் பெரிய பறவையின் தூரத்தைக் கணிப்பது கடினம். உடல் பெரிதாக இருப்பதால் கிட்டே இருப்பதாகவே தோன்றும். எட்டாத தூரத்தில் சுட்டால் ரவை தைக்கும், பறவை விழாது. விழுந்தாலும் புதைசேற்றிலோ ஓடும் நீரிலோ விழலாம். பழக்கிய நாய் இருந்தால் பாதிக் கவலை தீரும், முழுதும் தீராது. பீட்டர் ஸ்காட் இளமையில் இந்தக் கரைகளில் வெறிகொண்டு சுட்டவர். பின்னர் துப்பாக்கியைக் கைவிட்டு, 1946இல் ஸ்லிம்பிரிட்ஜில் நீர்ப்பறவைகளுக்கான அறக்கட்டளையை நிறுவினார். தன் மனமாற்றத்துக்கு ஒரு காரணமாக அவர் சொன்ன சம்பவம் சேற்றில் நடந்ததுதான். சுடப்பட்ட ஒரு பெருவாத்து, மனிதர் கால் வைக்க முடியாத சேற்றில் போய் விழுந்தது. மறுநாளும் உயிரோடு அங்கேயே கிடந்தது.

இது ஒருவரின் மனக்கசப்பு மட்டுமல்ல என்பதை டென்மார்க்கில் எடுத்த ஊடுகதிர்ப் படங்கள் காட்டின. வடதுருவத்தை ஒட்டிய நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் குஞ்சு பொரிக்கும் சிவப்புக்கால் வாத்துகளை 1990களின் தொடக்கத்தில் உயிரோடு பிடித்துப் படமெடுத்துப் பார்த்தார்கள். வளர்ந்த பறவைகளில் நூற்றுக்கு சுமார் 36இன் உடலில் ரவை இருந்தது. பிறந்து ஓராண்டு நிறையாதவற்றிலும் நான்கில் ஒன்று ரவையைச் சுமந்துகொண்டிருந்தது. அதாவது முதல் இலையுதிர்காலத்திலேயே வாங்கிய காயம். அந்தச் செய்தி டென்மார்க் வேட்டைக்காரர்களை உலுக்கியது. 1997இல் செயல்திட்டம் வந்தது. பெருவாத்தை 25 மீட்டருக்கு அப்பால் சுடாதே என்ற பாடம் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. பிந்தைய படங்களில் அந்த விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது. 25 மீட்டர் என்பது சேற்றில் அபூர்வமாக வாய்ப்பது, வயலில் இயல்பாக வாய்ப்பது. காயத்தின் கணக்கில் மட்டும் பார்த்தால், பகல் வெளிச்சத்தில், உறுதியான தரையில், கிட்டே வந்த பறவையைச் சுடும் வயல்காரரே கை சுத்தமானவர். கரையோரக்காரர்கள் இதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

அதற்காகச் சேற்றின் அறம் பொய் என்று சொல்ல வரவில்லை. அந்த அறம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். கரையோரம் எப்போதும் இப்படிப் பவித்திரமாக இருந்ததில்லை. சின்னத் தோணியில் படுத்தபடி துழாவிப் போய், முன்னால் பொருத்திய பீரங்கி போன்ற துப்பாக்கியை நீரில் அமர்ந்திருக்கும் கூட்டத்தின் மேல் வெடிப்பதும் அதே சேற்றில் பிறந்த கலைதான். ஒரே வெடியில் பல டஜன் பறவைகள், நேரே சந்தைக்கு. இன்றும் அது முற்றிலும் ஒழியவில்லை. குழல் விட்டம் சுமார் 44 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று சட்டம் வரம்பு வைத்திருக்கிறது, அவ்வளவே. நம் பக்கத்து உதாரணம் வேண்டுமானால் பரத்பூர் இருக்கிறது. 1938 நவம்பரில் வைஸ்ராய் லின்லித்கோவின் கூட்டம் அந்த ஈரநிலத்தில் ஒரே நாளில் 4,273 பறவைகளை வீழ்த்தியது. ஈரம் யாரையும் தடுக்கவில்லை. போதுமான ஆட்கள், துப்பாக்கிகள், பறவைகளைக் கலைத்துவிட ஏவலாட்கள் என்று இயற்கையின் தடைகள் ஒவ்வொன்றையும் பணத்தால் அகற்றிவிட்டால் சதுப்பும் கசாப்புக்கடைதான்.

பிரிட்டனின் கரையோரம் திருந்தியதற்கு இயற்கையைவிட மனித ஏற்பாடுகள்தான் கூடுதல் காரணம். 1908இல் ஸ்டான்லி டங்கன் ஹல் நகரில் நீர்ப்பறவை வேட்டைக்காரர் சங்கத்தைத் தொடங்கினார். அதுவே 1981இல் இன்றைய பிரிட்டிஷ் வேட்டை, பாதுகாப்புச் சங்கமாகப் பெயர் மாறியது. இங்கிலாந்தில் கரையோர நிலத்தில் ஏறத்தாழ பாதி அரச உடைமை. உள்ளூர் கிளப்புகள் அதைக் குத்தகைக்கு எடுத்துச் சுடுகின்றன, சில சதுப்புகளைச் சொந்தமாக வாங்கியும் வைத்திருக்கின்றன. பாதுகாக்கப்பட்ட இடமாக இருந்தால் இயற்கைத் துறையின் ஒப்புதல் வேண்டும். எத்தனை பேர் எத்தனை முறை போகலாம் என்று கணக்குப் போட்டுத்தான் ஒப்புதல் கிடைக்கிறது. உறுப்பினர் ஒவ்வொருவரும் பருவ முடிவில் எத்தனை சுட்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும், தவறினால் அடுத்த ஆண்டு அனுமதிச்சீட்டு சந்தேகம். ஸ்காட்லாந்தில் கரையோரத்தில் சுடுவது பொதுமக்கள் உரிமை. ஆனாலும் சால்வே கழிமுகத்தின் கேர்லாவ்ராக்கில் 1957இல் காப்பகம் அமைத்தபோது, ஒரு பகுதி முழு அடைக்கலம், ஒரு பகுதி அனுமதிச்சீட்டு வேட்டை என்று பிரித்தார்கள். அடையும் இடத்தில் சுடாதே என்ற பழைய வேட்டை ஒழுக்கம் அங்கே வரைபடமாகிவிட்டது. அடைவிடத்தில் ஒரு வெடி வெடித்தால் ஆயிரக்கணக்கில் எழுந்து ஊரைவிட்டே போய்விடும். அது அறத்துக்கு முன்பே வேட்டைக்காரரின் சுயநலத்துக்கு எதிரானது.

வயலில் இந்த ஏற்பாடு எதுவும் இல்லை. நிலக்காரர் சம்மதித்தால் போதும். ஒரு நாளைக்கு இத்தனைதான் என்ற சட்ட வரம்பு பிரிட்டனில் கிடையாது. சுட்டதை யாரிடமும் பதிவு செய்யவும் வேண்டாம். ஐஸ்லாந்தில் 1995 முதல் ஒவ்வொரு வேட்டைக்காரரும் கணக்குக் கொடுத்தாக வேண்டும். அதே பறவைகள் கடல் தாண்டி ஸ்காட்லாந்து வயலில் இறங்கியதும் கணக்கிலிருந்து மறைந்துவிடுகின்றன. காட்டுப் பெருவாத்தின் இறைச்சியை விற்கக் கூடாது என்று 1967இலேயே பிரிட்டன் தடை போட்டது. சந்தைக்காகச் சுடுவதை ஒழிக்க அது உதவியது, மிக நல்ல சட்டம். ஆனால் இறைச்சியைத்தான் விற்கக் கூடாது, விடியற்காலையை விற்கலாம். காசு வாங்கிக்கொண்டு, வயலும் மறைவிடமும் போலி வாத்துகளும் தயார் செய்து கொடுக்கும் வழிகாட்டித் தொழில் அந்த இடைவெளியில் வளர்ந்தது. வெளிநாட்டிலிருந்து மூன்று நாளுக்கு வந்தவர் வெறுங்கையோடு போனால் அடுத்த ஆண்டு வரமாட்டார் என்ற பயம் வழிகாட்டிக்கு. அந்தப் பயம்தான் பறவைக்கு ஆபத்து. ஒரே வயலை அடுத்தடுத்துச் சுடாமல் விடும், ஆளுக்கு இத்தனை போதும் என்று துப்பாக்கியை இறக்கச் சொல்லும் வழிகாட்டிகளும் இருக்கிறார்கள். ஆனால் ஓதம்போல் அவர்களை யாரும் கட்டாயப்படுத்துவதில்லை.

ஈயத்தின் கதையில் இந்தப் பேதம் இன்னும் பச்சையாகத் தெரியும். நீர்ப்பறவைகள் கூழாங்கல் என்று நினைத்து ஈயரவையை விழுங்குகின்றன. அரைவைப்பையில் அது தேய்ந்து இரத்தத்தில் கலந்து கொல்கிறது. இங்கிலாந்து 1999இல் வாத்தினங்களை ஈயத்தால் சுடுவதை எங்கும் தடுத்தது. ஸ்காட்லாந்து 2004இல் வேறு வழியில் போனது. அங்கே ஈரநிலத்தின் மேல் ஈயம் கூடாது, பறவை எதுவென்பது பேச்சில்லை. விளைவு, சேற்றில் நின்று சுடுபவருக்கு இரும்பு போன்ற ஈயமல்லாத ரவை கட்டாயம். இரண்டு மைல் உள்ளே உலர்ந்த தாள்வயலில் அதே கூட்டத்தைச் சுடுபவர் ஈயத்தைப் போடலாம். மேய வந்த இடத்தில்தானே அந்தப் பறவைகள் கல் பொறுக்குகின்றன! 2025 ஜூலையில் பிரிட்டன் அரசு எல்லா வேட்டைக்கும் ஈயரவையைத் தடைசெய்வதாக, மூன்றாண்டு அவகாசத்துடன் அறிவித்தது. அறிவியல் இதைச் சொல்லி எத்தனை காலமாயிற்று. நெதர்லாந்து 1993இலும் டென்மார்க் 1996இலும் ஈயத்தை விட்டுவிட்டன.

விவசாயிகளின் நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். குளிர்கோதுமையிலும் வசந்தப் புல்லிலும் ஆயிரம் வாத்து இறங்கினால் இழப்பு நிஜம். சுடுவது கூட்டத்தை விரட்டவும் செய்கிறது. ஆனால் எங்கே விரட்டுகிறோம் என்று பார்க்காமல் சுட்டால் வினை. நார்ஃபோக்கில் சிவப்புக்கால் வாத்துகள் முக்கியமாக உண்பது அறுவடை முடிந்த பீட் கிழங்கு வயலில் கிடக்கும் தலைப்பகுதிகளையும் துண்டுகளையும். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. அந்த வயலை உடனே உழுதுவிட்டாலோ, அங்கே சுட்டுக்கொண்டே இருந்தாலோ, பக்கத்துக் கோதுமைக்குப் போகின்றன. தன் வயலில் வேட்டைக்குக் காசு வாங்கும் நிலக்காரர், அண்டை வயல்காரருக்கு வாத்தை அனுப்பிவைக்கிறார்.

இனி எண்ணிக்கை. இதில்தான் இரு தரப்பும் தங்களுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. ஐஸ்லாந்து, கிரீன்லாந்திலிருந்து வரும் சிவப்புக்கால் வாத்துகள் 1950களில் சுமார் 30,000 இருந்தன. 2010களின் நடுவில் ஐந்து லட்சத்தைத் தாண்டின. பாதுகாக்கப்பட்ட அடைவிடங்களும் சிந்திய தானியமும் செய்த வேலை அது. இந்தக் கூட்டத்தைப் பொறுத்தவரை, சேற்றில் சுட்டாலும் வயலில் சுட்டாலும் இனம் அழிந்துவிடும் என்று கூவுவது மிகை. போலி வாத்துகளுக்கு ஏமாந்து இறங்குபவற்றில் அனுபவமில்லாத இளம் பறவைகள் அதிகம். இனத்தைத் தாங்குவது மூன்று வயதுக்கு மேல் இணை சேர்ந்து ஆண்டுக்காண்டு குஞ்சு பொரிக்கும் முதிர்ந்தவை. ஆகவே இனக்கணக்கில் வயல்வேட்டை பார்ப்பதற்குத் தோன்றும் அளவு கொடியதல்ல. குடும்பக்கணக்கில் அது வேறு. முதல் குளிர்காலம் முழுக்கப் பெற்றோரும் குஞ்சுகளும் சேர்ந்தே பறக்கின்றன. குஞ்சு விழுந்த இடத்தைச் சுற்றிக் கூவிக்கொண்டு திரும்பி வரும் பெரிய பறவைகளை, நிறைய சுட்ட வேட்டைக்காரர்களே சங்கடத்தோடு பேசுவதுண்டு.

ஆனால் ஐஸ்லாந்துக் கிரேலாக்கின் கதை நேரெதிர். ஒரு காலத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்த கூட்டம் அண்மை ஆண்டுகளில் 60,000 அளவுக்கு இறங்கியிருக்கிறது. சொந்த நாட்டில் ஆண்டுதோறும் பல்லாயிரம் சுடப்படுகின்றன. குளிர்காலத்தில் ஸ்காட்லாந்து வந்தால் இங்கேயும் துப்பாக்கி. இதே நேரத்தில் பிரிட்டனிலேயே ஆண்டு முழுதும் வாழும் கிரேலாக்குகள் பெருகிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் ஒரு பகுதி, 1960களில் வேட்டைக்காரர் சங்கமே வளர்த்துக் கொண்டுபோய் விட்டவற்றின் வழிவந்தவை. சுடுவதற்குப் பறவை வேண்டுமென்று விட்டவை இன்று பயிருக்குத் தொல்லையாகிவிட்டன. உள்ளூர்க் கிரேலாக்கும் ஐஸ்லாந்துக் கிரேலாக்கும் ஒரே வயலில் கலந்து மேயும். இறகில் வித்தியாசமில்லை. மறைவிடத்திலிருந்து பார்ப்பவருக்கு எது பெருகும் கூட்டம், எது தேயும் கூட்டம் என்று பிரிக்க வழியில்லை. கணக்கும் கேட்பாரில்லை என்னும்போது, யார் எவ்வளவு எடுத்தார்கள் என்பது கூட்டம் சுருங்கிய பிறகு கணக்கெடுப்பில்தான் தெரியவரும்.

ஸ்வால்பார்டின் சிவப்புக்கால் கூட்டத்துக்கு வேறு வழி கண்டிருக்கிறார்கள். 2012இல் நார்வே, டென்மார்க், நெதர்லாந்து, பெல்ஜியம் சேர்ந்து 60,000 பறவைகள் என்ற இலக்கு வைத்து, ஆண்டுதோறும் எண்ணி, எண்ணிக்கைக்குத் தக்கபடி வேட்டையைத் தளர்த்தவும் இறுக்கவும் ஒப்புக்கொண்டன. வயலிலா சேற்றிலா என்பது அங்கே இரண்டாம் கேள்வி. எத்தனை என்பதே முதல் கேள்வி. எண்ணிக்கொண்டே இருப்பது ஏன் தேவை என்பதற்கு சால்வேயின் பார்னக்கிள் வாத்துகள் சாட்சி. 1940களில் சில நூறாகத் தேய்ந்து, வேட்டைத் தடையால் பல பத்தாயிரமாக மீண்ட அந்தக் கூட்டத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கை 2021-22 குளிர்காலத்தில் பறவைக்காய்ச்சல் கொண்டுபோனது. ஒரு துப்பாக்கியும் வெடிக்காமலே.

ஸ்காட்லாந்தின் வடக்கே ஓர்க்னித் தீவுகளில் நடந்த ஒரு முயற்சி இந்த வழக்கில் எனக்கு மிகவும் பிடித்த சாட்சியம். அங்கே உள்ளூர்க் கிரேலாக்குகள் 20,000 அளவுக்குப் பெருகிப் பயிரைத் தின்றன. ஐஸ்லாந்துக் கூட்டத்தின் பெரும்பகுதியும் குளிர்காலத்தில் அங்கேதான் தங்கும். அதனால் அரசின் இயற்கைத் துறை, வழக்கமான பருவத்துக்கு முன்பே, கோடையின் கடைசியில், உரிமம் கொடுத்துச் சுடச் செய்தது. சுட்டதற்குக் கணக்கு வைத்தார்கள். இறைச்சியை விற்கவும் விதிவிலக்கு தந்தார்கள். முழுக்க முழுக்க வயல்வேட்டை, கரையோரக்காரரின் ரசனைக்குத் துளியும் ஒவ்வாதது. ஆனால் ஆகஸ்டில் அந்த வயலில் விழும் கிரேலாக் எந்த ஊர்ப் பறவை என்பதில் சந்தேகமில்லை. அக்டோபரில் வடக்கிலிருந்து கூட்டங்கள் வந்திறங்கிய பிறகு, அதே வயலில், அதே துப்பாக்கிக்கு முன்னால் காலை நீட்டி இறங்கும் பறவை எந்த ஊரைச் சேர்ந்தது என்று ஓர்க்னியில் யாராலும் சொல்ல முடியாது.